எட்டு ஸ்க்ரூ

காலை ஏழேகாலுக்கு மேல்மாடி மணி நாலாவது தடவை அடித்தபோது, ஜாஸ்லின் வாயில் பிரஷோடு அப்படியே நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மற்ற நாளாக இருந்தால் ஓடிப்போய்க் காதடைப்பானை எடுத்து மாட்டியிருப்பாள். இன்றைக்கு அது கூடாது. இன்றைக்குப் பரீட்சை.

பரீட்சை வைக்கிறவள் அக்கா ரோஸ்லின். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் குடித்தனம். நாலு பிள்ளை, இரண்டு நாய், வீட்டுக்குக் கீழேயே புருஷன் சுந்தர் நடத்தும் அலுமினிய ஜன்னல் பட்டறை. அம்மா போன பிறகு, "தனியா இருக்க வேண்டாம், எங்கூட வந்துடு" என்று ரோஸ்லின் கூப்பிட, மாட்டவே மாட்டேன் என்று ஜாஸ்லின் நிற்க, கடைசியில் மூன்று மாதத் தவணை என்று முடிவாயிற்று. அந்த மூன்று மாதம் இந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது.

"பதினோரு மணிக்கு வருவேன். சாயங்காலம் அஞ்சு வரைக்கும் உக்காந்திருப்பேன். அதுக்குள்ள ஒரு தடவை காதைப் பொத்தினே, இல்ல எங்கயாவது ஓடி ஒளிஞ்சே, அன்னைக்கே பெட்டியைக் கட்டு" என்று போனில் சொல்லிவிட்டாள்.

ஜாஸ்லினுக்கு முப்பத்தாறு வயது. ஊர்க்கோடி ஷ்வேப்யிதாவில் இருக்கிற ஒரு தையல் ஆலைக்குச் சட்டை அளவுப் பட்டியல்களை வீட்டிலிருந்தே சரிபார்த்துக் கொடுக்கிற வேலை. போன வருஷம் ஒரு டாக்டரம்மா இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, உனக்கு இருப்பது ஆட்டிசம், உன் காதுக்கு வாசல்கதவு கிடையாது, எல்லாச் சத்தமும் கேட்காமலே உள்ளே வந்துவிடுகிறது என்று சொன்னார். அதுவரைக்கும் தன்னை ஓர் அடங்காப்பிடாரி என்றே நினைத்துக்கொண்டிருந்த ஜாஸ்லின், அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு வந்தாள். நிம்மதியில் வந்த அழுகைதான்.

ரோஸ்லின் அழவில்லை. "காது வலிக்கிறதெல்லாம் ஒரு சீக்கா? எல்லாருக்கும்தான் வலிக்குது. நாங்க பொறுத்துக்கலையா?" என்று கேட்டாள்.

அந்தக் காதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது லேசுப்பட்ட காதில்லை. மாடிப்படியில் யாராவது ஏறினால், ஆள் யார் என்பது மட்டுமல்ல, எந்தக் கையில் பை தொங்குகிறது என்றும் அது சொல்லிவிடும். கரண்ட் வருவதற்கு அரை நொடி முன்னால் தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஒரு முனகல் முனகும். தெருவில் இத்தனை சனம் இருந்தும் அது ஜாஸ்லினுக்கு மட்டும்தான் கேட்கும். மத்தியானம், கரண்ட் இல்லாமல் ஊரே கிறங்கிக் கிடக்கிற வேளையில், இரண்டு தெரு தள்ளிப் படகுத்துறையில் கட்டிப்போட்ட கயிறு முறுகுவதைக்கூட அவள் படுத்தபடி கேட்பாள். ஒரு பக்கம் புறா நடக்கும். இன்னொரு பக்கம் யாரோ பூண்டு உரிப்பார்கள். இவ்வளவும் உலகத்தில் நடக்கிறதா என்று மலைத்துப்போய்க் கிடப்பாள். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு அடியோடு தெரிந்த இடம் அலோன் பேட்டையில் இருக்கிற இந்த நாலாம் மாடி ஒன்றுதான். இதை விட்டுவிட்டுப் பட்டறைக்கு மேலே போய் எப்படி இருப்பாள்?

நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித்துணி ஒட்டியிருந்தாள். கதவு இடுக்குகளில் ரப்பர் வைத்திருந்தாள். ரொம்ப முடியாத நேரத்துக்கென்று, அப்பா அம்மா காலத்துத் தேக்கு அலமாரியைக் காலி செய்து, உள்ளே சுற்றிலும் பஞ்சு ரஜாய் வைத்து ஆணியடித்து, உட்கார ஒரு தலையணையும் போட்டிருந்தாள். அதற்குள் போய்க் கால்மணி நேரம் உட்கார்ந்தால் மனுஷியாக வெளியே வருவாள். இன்றைக்கு அந்தப் பக்கமே திரும்பக் கூடாது.

ரோஸ்லினும் சும்மா சொல்லக் கூடாது, பாசக்காரி. கல்யாணமாகிப் போன நாளிலிருந்து தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குப் போன் பண்ணிவிடுவாள். அந்த நேரத்தில் மட்டும் அக்காவின் குரல் வேறு மாதிரி இருக்கும், துணி மூட்டைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டால், "அலமாரி அடுக்கறேன்" என்பாள். போன மாதம் ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஸ்க்ரூ கழற்றுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாகத் தகர டப்பாவில் விழுந்தது. மொத்தம் எட்டு. "அத்தான் என்ன பண்றாரு?" என்று ஜாஸ்லின் கேட்டதற்கு, "அவருக்கு வேற வேலை என்ன" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அது கிடக்கட்டும். மணிக்கு வருவோம்.

அந்தத் தெருவில் நாலு இட்லிக்காக யாரும் ஐந்து மாடி இறங்கி ஏறுவதில்லை. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ்முனையில் கிளிப், மேல்முனையில் மணி. விற்க வந்தவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கிளிப்பில் மாட்டிய பையை இழுத்துக்கொள்வார். ஜாஸ்லின் வீட்டுக் கயிற்றில் மட்டும் மணிக்குப் பதில் ஒரு சிவப்புத் துணி. துணி துள்ளினால் ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஐந்தாம் மாடி அப்பாசாமி துறைமுகத்தில் ஓய்வு பெற்றபோது ஒரு பழைய பித்தளைக் கப்பல் மணியைக் கையோடு கொண்டுவந்து கயிற்றில் கட்டிவிட்டார். அது தொங்குவது சரியாக ஜாஸ்லினின் ஜன்னலுக்கு மேலே.

வாயைக் கொப்பளித்துவிட்டு அவள் ஐந்தாம் மாடிக்கு ஏறினாள்.

"மாமா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்த மணியை..."

அப்பாசாமி முடிக்க விடவில்லை. "உனக்குக் கஷ்டமா இருக்காம்மா? ரெண்டு வருஷமா ஏன் சொல்லாம இருந்தே?" என்று கேட்டபடி உள்ளே போய், தன் கம்பளிக் காலுறை ஒன்றைக் கொண்டுவந்து மணியின் நாக்கில் சுற்றி ரப்பர் போட்டுவிட்டார். ஆட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. ஜாஸ்லின் கையைக் கூப்பிவிட்டு இறங்கினாள்.

அவளுடைய கஷ்டகாலமே இதுதான். அந்தக் கட்டடத்தில் பொல்லாத ஆள் என்று ஒருவர்கூட இல்லை. யாராவது ஒருவர் முடியாது போ என்று சொல்லியிருந்தால், விஷயம் அங்கேயே நின்றிருக்கும்.

எட்டு மணிக்குக் கீழே புஷ்பா வந்தாள். தெருமுனையில் இட்லியும், மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸும், டீயும் விற்கிறவள். அப்பாசாமியின் கயிற்றை இழுத்தாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு வாயைத் திறந்தாள். நாலு ஜெனரேட்டர் ஓடும்போதும் கேட்கிற குரல் அது. பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு 'ஊ' போட்டுத்தான் பெரியவரைக் கூப்பிடுவாள்.

"ஊ அப்பாசாமி. இட்லி ஆறுது."

அடுத்து மீன்காரி வந்து அதே கயிற்றை இழுத்துவிட்டு அவளும் கத்தினாள். அவித்த பட்டாணி விற்பவர் கத்தினார். பெரியவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடியும் சேர்ந்து கத்தியது. கப்பல் மணியாவது ஒரே குரலில் அடித்துக்கொண்டிருந்தது.

ஜாஸ்லின் படியிறங்கி ஓடினாள்.

"புஷ்பாக்கா, அவர் மணியைக் கட்டிப் போட்டது நான்தான். கத்தாதீங்க. எங்க அக்கா வர்றா, எனக்கு இன்னைக்கு ரொம்ப முக்கியமான நாளு."

புஷ்பா உடனே குரலைத் தணித்தாள். "இதுக்கா ஓடி வந்தே? சத்தமே வேணாம். உன் கயித்தை ஆட்டறேன், துணி ஆடும். நீ பெரியவர் பையை எடுத்து வச்சுக்க."

இந்த யோசனை ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று ஜாஸ்லினுக்கு ஆச்சரியமாக இருந்தது. சிவப்புத் துணி சத்தமில்லாமல் துள்ளியது. இட்லி சத்தமில்லாமல் மேலே வந்தது.

புஷ்பா நல்ல மனசுக்காரி, நல்லதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ள மாட்டாள். நாலாம் மாடிப் பெண் துணி ஆடியவுடன் எடுத்துக்கொள்கிறாள், எந்த வீட்டுக்கு என்று சொன்னால் போதும் என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். ஒன்பதரை மணிக்குள் ஜாஸ்லினின் கூடத்தில் இரண்டாம் மாடி மீன், மூன்றாம் மாடி மாத்திரை, முதல் மாடி ரொட்டி, யாருடையதென்று தெரியாத ஒரு கட்டுக் கீரை, இவற்றோடு ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்காக உயிரோடு ஒரு கோழியும் சேர்ந்துவிட்டன. கோழி பையிலிருந்து தலையை நீட்டிப் பேச ஆரம்பித்தது.

சாமானுக்கு உரியவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மணியாவது ஜன்னலுக்கு வெளியே அடித்தது. கதவைத் தட்டினால் அது எலும்புக்குள் கேட்டது. தட்டினவர்கள் சும்மாவும் போகவில்லை. ஒவ்வொருவரும் நின்று நன்றி சொல்லி, அம்மாவை நினைத்துக் கண் கலங்கி, அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கோழிக்குச் சொந்தக்காரர் மட்டும் வரவில்லை.

பத்து மணிக்கு அவள் ஒரு தாள் எடுத்து, பர்மியத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதினாள். 'கதவைத் தட்ட வேண்டாம். சத்தம் வேண்டாம்.' அதைக் கதவில் ஒட்டி, பைகளையெல்லாம் வெளியே வரிசையாக வைத்தாள். கோழியை மட்டும் பாவமென்று உள்ளேயே விட்டாள்.

அமைதி வந்தது. அரை மணி நேரம் அப்படியோர் அமைதி. நின்றுபோன ஃபேனின் இறக்கையில் பல்லி நகர்ந்தது அவளுக்குக் கேட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

ஆனால் அந்தக் கதவைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். போன வருஷம் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, இதே கதவில், இதே கையெழுத்தில், இதே இரண்டு வரி ஒட்டியிருந்தது. ஒன்பது நாளில் அம்மா போய்விட்டாள். இப்போது அந்த வீட்டில் இருப்பது ஜாஸ்லின் ஒருத்திதான். முதல் மாடிக்காரர் ரொட்டியை எடுத்துக்கொண்டு, கால் ஓசை கேட்காமல் இறங்கிப் போய்ப் புஷ்பாவிடம் சொன்னார். புஷ்பா கரண்டியைக் கீழே போட்டாள். "இன்னைக்கு ரொம்ப முக்கியமான நாளு, அக்கா வர்றான்னு எங்கிட்ட சொல்லுச்சே அந்தப் புள்ள" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோயில் ஜெபக் கூட்டத்துத் தெரேசாவுக்குப் போன் போட்டாள்.

பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, படிக்கட்டில் ஆள் சத்தம். ஜாஸ்லின் கூடத்தில் நின்றபடி கேட்டாள். அக்காவின் செருப்பு, அவசர நடை. பின்னால் அத்தானின் ரப்பர் செருப்பு, இடது கையில் கனமான பை. அதற்கும் பின்னால் இன்னும் ஆறு ஜோடிக் கால்கள் ஏறின. அதில் ஒரு கையில் ஜால்ரா இருந்தது.

ரோஸ்லின் உள்ளே வந்தாள். கூடவே தெரேசாவும், பாட்டுப் புத்தகங்களோடு ஐந்து பெண்களும் வந்தார்கள்.

"மனசைத் தளர விடாதே ரோஸ்லின்" என்றாள் தெரேசா. "ஆண்டவர் பெரியவர்."

"யாருக்கு என்ன?"

"உன் தங்கச்சிக்குத்தான். ரொம்ப முடியலையாமே."

"எனக்கு ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் ஜாஸ்லின்.

"உங்க அம்மாவும் கடைசி வரைக்கும் அப்படித்தாம்மா சொன்னாங்க" என்று தெரேசா அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஜால்ரா வெளியே வந்தது.

ரோஸ்லின் தங்கைக்கு எதிரே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, அவள் கைகளையே பார்த்தாள். ஜாஸ்லின் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். பாட்டு ஆரம்பித்தது. கோழிக்கும் பாட்டு பிடித்துப்போயிருக்க வேண்டும், அதுவும் சேர்ந்துகொண்டது. சுந்தர் சுவரோரம் நின்றார். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்கிற ஆள். அவர் ஜாஸ்லினைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டுச் சத்தம் கேட்டு அப்பாசாமி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். இவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள், ஒரு வாய் டீ கூட இல்லையே என்று பதறி, மேலே போய்க் காலுறையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, புஷ்பாவின் கவனத்தைத் திருப்பக் கப்பல் மணியைத் தானே பிடித்து ஆட்டினார். "பத்து டீ" என்று மேலிருந்து கத்தினார். "சீனி போட்டா, போடாமலா" என்று கீழிருந்து புஷ்பா கத்தினாள்.

இன்னும் ஆறு மணி நேரம். தாங்கிவிடலாம், தாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஜாஸ்லின் பல்லைக் கடித்தாள்.

அப்போது தெருமுனை டிரான்ஸ்பார்மர் முனகியது.

ஐயோ, இப்போதா என்று நினைக்கக்கூட நேரமில்லை. கரண்ட் வந்துவிட்டது. "மீ லா ப்யி" என்று பர்மியத்தில் அதையே சொல்லித் தெரு முழுக்க ஒரே ஆரவாரம். ஐந்து மாடியிலும் ஐந்து தண்ணீர் மோட்டாரை ஒரே நேரத்தில் போட்டார்கள். எதிர்க் கட்டடத்தில் விட்ட இடத்திலிருந்து கரோக்கி தொடர்ந்தது. அதற்கு மேலே கேட்க வேண்டுமே என்று தெரேசா குரலை உயர்த்தினாள். ஜால்ரா வேகம் பிடித்தது, கோழி பையைக் கிழித்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துப் பறந்தது. ஜாஸ்லின் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதினேழு வரைக்கும் எண்ணினாள்.

பிறகு அவள் கைகள் அவளைக் கேட்காமலே காதுக்குப் போய்விட்டன. போச்சு, வீடு போச்சு. இனி எது எப்படிப் போனால் என்ன என்று உள்ளறைக்கு ஓடி, அலமாரிக் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஆள் இருந்தது.

முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, மடியில் கைப்பையோடு ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

"அக்கா?"

"கதவைச் சாத்துடி."

அந்தக் குரல்தான். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனில் வருகிற, துணி மூட்டைக்குள்ளிருந்து பேசுகிற அதே குரல். பதினைந்து வருஷமாகத் தினமும் கேட்ட சத்தம். புறா நடப்பதையும் கயிறு முறுகுவதையும் கேட்ட காது இதைக் கேட்டும் கேட்காமல் இருந்திருக்கிறது. ஜாஸ்லின் மெதுவாக உள்ளே நுழைந்து, அக்காவோடு ஒட்டி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள். வெளியே நடந்த கூத்தெல்லாம் ரஜாய்க்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"தினமும் அலமாரி அடுக்கறேன்னு சொன்னியே" என்றாள் ஜாஸ்லின்.

ரோஸ்லின் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். எல்லாரும் பொறுத்துக்கறாங்க, எனக்குத்தான் பொறுமை பத்தலைன்னு நெனச்சேன்."

"எல்லாருக்கும் இப்படி இல்லக்கா."

"இல்லையா?"

நாற்பத்தொரு வயதுப் பெண், நாலு பிள்ளை பெற்றவள், அதை ஒரு குழந்தை மாதிரிக் கேட்டாள். ஜாஸ்லின் இருட்டில் அக்காவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு காது தன்னுடையது ஒன்றுதான் என்று அவள் நினைத்திருந்தாள். இன்னொன்று எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது, ஒரே பாயில் படுத்திருக்கிறது, பரீட்சையும் வைத்திருக்கிறது.

"நான் தோத்துட்டேன்க்கா. ஓடி வந்துட்டேன்."

"உனக்கு முன்னாடி நான் வந்துட்டேன்." ரோஸ்லின் மூக்கை உறிஞ்சினாள். எச்சில் விழுங்கினது ஜாஸ்லினுக்குக் கேட்டது. "நீ இங்கயே இரு. உனக்கு இந்த வீடுதான் சரி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

வெளியே சத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. முதலில் ஜால்ரா நின்றது. காலடிகள் படியிறங்கின. கோழியை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டு மோட்டார் அணைந்தது. பிறகு அலமாரிக் கதவில் நகத்தால் இரண்டு கீறல். தட்டவில்லை. கதவு இரண்டு விரல் அளவு திறந்து, சுந்தரின் முகத்தில் பாதி தெரிந்தது.

"எல்லாரும் புஷ்பா கடையில டீ குடிக்கப் போயிருக்காங்க" என்றார் தாழ்ந்த குரலில். "அவசரமில்ல. உக்காருங்க."

"அத்தான், அக்கா என்னை இங்கயே இருக்கச் சொல்லிட்டா."

சுந்தர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி. அப்ப ஊருக்குப் போய் எங்க அலமாரியில அந்த ரெண்டு தட்டையும் எட்டு ஸ்க்ரூ போட்டுத் திரும்ப மாட்டிடறேன். நீ வந்தா ரெண்டு பேர் உக்காரணும்னு போன மாசம் உங்க அக்காதான் கழட்டச் சொன்னா."